எடுத்து, பிரித்து, அடுக்கி, ஏற்று

டெக்சஸில், பிளானோவில் நான் வேலை பார்த்த நிறுவனம் சரக்கு லாரிகளுக்கான மென்பொருள் செய்து விற்றது. எந்த லாரியில் எந்தச் சரக்கை ஏற்றுவது, எந்த ஊருக்கு முதலில் போவது என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்கிற மென்பொருள். அதற்குள்ளே சின்னதாக ஒரு நிரல்மொழி இருந்தது. லாரிகளை அனுப்புகிற டிஸ்பேட்ச் பணியாளர்கள் தங்களுக்கு வேண்டிய விதிகளை அந்த மொழியில் தாங்களே எழுதிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் அவர்கள் எழுதவில்லை. யாரோ எழுதி வைத்ததைப் படிக்கவும் முடியாமல் எங்களுக்கே போன் செய்தார்கள்.

அதற்குக் காரணம் அடைப்புக்குறிகள். அந்த மொழியில் எல்லாமே ஃபங்ஷன்கள்தான். ஃபங்ஷன் என்றால் ஒரே ஒரு வேலையைச் செய்து விடையைக் கையில் கொடுக்கிற சின்னத் துண்டு. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஒன்றை இன்னொன்றின் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். ஏற்று(அடுக்கு(பிரி(எடு(ஆர்டர்கள்)))) என்று போகும். கடைசியில் நடக்க வேண்டியது கண்ணில் முதலில் படும். முதலில் நடப்பது எல்லாவற்றுக்கும் உள்ளே போய்க் கிடக்கும். நாலு வேலைக்கே இப்படி. பதினைந்து வேலை கோத்த விதிகளும் எங்களிடம் இருந்தன. அவற்றைத் திறந்தால் கடைசி வரி முழுக்க மூடுகிற அடைப்புக்குறிகள் மட்டுமே நிற்கும்.

அந்த மொழியை உருவாக்கியவர் எனக்கு எதிர் மேஜையில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணிதம் படித்தவர், கனடாவில் சில காலம் இருந்துவிட்டு டெக்சஸுக்கு வந்தவர். அலுவலகத்தில் தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். திருச்சிக்காரியான எனக்கு முதல் சில வாரங்கள் அது சண்டைக்கு இழுப்பது போலவே கேட்டது. அவர்கள் பேச்சில் அது மரியாதைக் குறைவு இல்லை என்று எனக்குப் புரிந்தபோது நாங்கள் உண்மையாகவே சண்டை போட ஆரம்பித்திருந்தோம்.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. ஆர்டர்களை எடுத்து, குளிர்ச்சரக்கை மட்டும் பிரித்து, ஊர்வாரியாக அடுக்கி, லாரியில் ஏற்று என்று தமிழில் சொன்னால் குழந்தைக்கும் புரியும். நடக்கிற வரிசையும் சொல்கிற வரிசையும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். நிரலையும் அப்படியே எழுதலாமே என்றேன். ஒரு வரிக்கு ஒரு வேலை. வரிக்கு முன்னால் ஓர் அம்புக்குறி. மேல் வரியின் விடை தானாகக் கீழ் வரிக்கு இறங்கி வரும்.

"உமக்கு அடைப்புக்குறி எண்ணத் தெரியேல்லை எண்டதுக்காக மொழியை மாத்தேலாது," என்றார்.

"எனக்குத் தெரியும்ங்க. டிஸ்பேட்ச்ல உட்கார்ந்திருக்கறவங்களுக்குப் புரியணும்ல? அவங்க மேல இருந்து கீழதான படிப்பாங்க?"

"கணக்கு மேல இருந்து கீழ வாறேல்லை. உள்ளுக்க இருந்து வெளியில வாறது. அதைப் படிக்கப் பழகோணும். பழகாதவைக்காக வளைக்கக்கூடாது."

அவர் வெறும் பிடிவாதக்காரராக மட்டும் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை. சில ஃபங்ஷன்களுக்கு இரண்டு மூன்று பொருள்கள் கொடுக்க வேண்டும். மேலிருந்து இறங்கி வருவது அதில் முதல் இடத்தில் உட்காருமா, கடைசி இடத்திலா? முதல் இடம் என்று நான் சொன்னேன். எல்லா ஃபங்ஷனுக்கும் அது சரிவராது என்று உதாரணங்களோடு வந்தார். அப்படியானால் வேண்டிய இடத்தில் ஓர் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம் என்றேன். அடிக்கோட்டை மறந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். "ஆக்களை ஊகிக்க வைக்கிற இடமெல்லாம் பிழை வாற இடம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எனக்கு அந்தத் துடைப்பைப் பார்த்தாலே கோபம் வரும்.

மாதக்கணக்கில் இழுத்தது. எங்கள் மேலாளர் ஒரு கட்டத்தில் எங்கள் இருவரையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். நாங்களும் பேசுவதை நிறுத்தி, திரையில் குறிப்புகளாக மட்டும் எழுதிக்கொண்டோம், அதுவும் ஆங்கிலத்தில். மதியம் மைக்ரோவேவ் முன்னால் அவரவர் டப்பாவோடு வரிசையில் நிற்போம். அவர் கொண்டுவரும் புட்டின் வாசனை என் மேஜை வரை வரும். அப்போதும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காபி மெஷின் பக்கத்தில் அவராகவே வந்து நின்றார்.

"சரி, அம்பு இருக்கட்டும்," என்றார்.

நான் நம்பாமல் பார்த்தேன்.

"ஆனா ஒண்டு. நடுவில ஒருத்தன் விடை இல்லாமல் வெறுங்கையோட வந்தால் அடுத்தவன் என்ன செய்யிறது? இப்ப நீர் எழுதியிருக்கிறபடி அவனும் வெறுங்கையைத்தான் கீழ குடுப்பான். கடைசியில லாரி வெறுமையாப் போகும். ஏன் போனதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதில நிக்கோணும். நிண்டு, எந்த வரியில நிண்டதெண்டு சொல்லோணும். அதைச் செய்தீரெண்டால் நான் கையெழுத்து வைக்கிறன்."

அவர் சொன்னது சரி. அதை நான் யோசித்திருக்கவே இல்லை. "திங்கக்கிழமை உக்கார்ந்து பண்ணிடலாமா?" என்று கேட்டேன். ஓம் என்றார். அதற்குப் பிறகு அன்று அவருடைய மகளைப் பற்றிக்கூடக் கொஞ்சம் பேசினார். பள்ளியில் வயலின் வாசிக்கிறாள், தமிழில் ஒன்று கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வருகிறது, அதெல்லாம் பரவாயில்லை, விளங்குகிறதுதானே என்று சொன்னார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அவரே எழுந்து விளக்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைச் சொன்னார். திருத்தப் போய் இன்னொரு தவறான சொல்லைச் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள், விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்து. அவரும் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. கையிலிருந்த மார்க்கர் விழுந்தது. அதை எடுக்கக் குனியாமல் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் முதலில் எழுந்து நாற்காலியை அவர் பின்னால் தள்ளினேன். யாரோ ஆம்புலன்ஸுக்கு 911-ஐ அழைத்தார்கள்.

அவருடைய மனைவி பக்கத்து ஊரான ஆலனில் தங்கள் வீட்டிலேயே டேகேர் நடத்தினார். நான் போன் செய்தபோது பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. "தங்கச்சி, நான் இந்தப் பிள்ளையளை விட்டிட்டு எப்பிடி வாறது?" என்று கேட்டார். ஒவ்வொரு பெற்றோராகக் கூப்பிட்டு, கடைசிக் குழந்தையும் போன பிறகுதான் அவரால் கிளம்ப முடிந்தது. அதுவரை ஆஸ்பத்திரியில் நான் மட்டும் இருந்தேன். மாதக்கணக்காக நான் பேசாமல் இருந்த மனிதருக்கு என்னென்ன மாத்திரை வழக்கம், எதற்கு அலர்ஜி என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. மதியம் புட்டு கொண்டுவருவார் என்பது தெரியும்.

மூளையின் இடப் பக்கத்தில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. உயிர் பிழைத்தார். வலக் கை தொங்கியது, வலக் கால் கொஞ்சம் இழுத்தது. பேச்சு போயிருந்தது. முழுவதும் போகவில்லை. ஆங்கிலம்தான் சுத்தமாகப் போனது. வருடக்கணக்காக அவர் வேலை பார்த்த மொழி, கூட்டங்களில் எங்களை மடக்கிய மொழி, யாராவது அதில் பேசினால் ரேடியோவில் தெரியாத ஸ்டேஷன் பாடுவதைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். தமிழ் துண்டு துண்டாக இருந்தது. "ஓம்", "இல்லை", "தண்ணி", மனைவியின் பெயர். மகளின் பெயர் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அமெரிக்கர், பொறுமைசாலி. மொழிபெயர்க்க ஆஸ்பத்திரி ஒரு திரையை உருட்டிக்கொண்டு வந்து வைத்தது. அதில் எங்கோ இருந்து ஒருவர் தமிழ் பேசினார். "தாங்கள் தங்கள் எதிரில் வைக்கப்பட்டுள்ள பொருள்களில் எழுதுவதற்குப் பயன்படும் பொருளைச் சுட்டிக்காட்டவும்" என்றார் அவர். என் நண்பர் திரையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நண்பர் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அந்த வார்த்தை இருந்ததா என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து நான் மதிய இடைவேளையில் போய் மொழிபெயர்ப்பதாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, சுங்கச் சாலையில் ஏறி இறங்கினால் போதும். மேலாளரும் தடை சொல்லவில்லை.

மேஜையில் ஒரு பேனா, ஒரு சீப்பு, ஒரு கரண்டி. பயிற்சியாளர் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். "சீப்பத் தொடறதுக்கு முன்னாடி பேனாவத் தொடுங்க" என்றேன். சீப்பைத் தொட்டார், பிறகு பேனாவைத் தொட்டார். தப்பு. திரும்பச் சொன்னேன். திரும்பவும் சீப்பு. அவருக்கு வியர்த்தது. தப்பாகச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது, எது தப்பு என்பது மட்டும் தெரியவில்லை. பயிற்சியாளர் குறித்துக்கொண்டார். நான் அவரைக் கேட்காமலே மாற்றிச் சொன்னேன். "பேனாவத் தொடுங்க. தொட்டுட்டு, சீப்பத் தொடுங்க." பேனாவைத் தொட்டார், நின்றார், சீப்பைத் தொட்டார். கரண்டியையும் சேர்த்தேன். அதையும் வரிசை தவறாமல் செய்தார்.

நான் செய்ததைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவருக்கு அது புதிதில்லை. பேச்சு அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படித்தான், நடக்கிற வரிசையில் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்து சொன்னால் தவறிவிடும் என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், நிறுத்திச் சொல்லுங்கள், வீட்டிலும் அப்படியே பேசச் சொல்லுங்கள். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். நான் கார் பார்க்கிங்கில் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்நாள் முழுக்க உள்ளே உள்ளே போய் யோசித்த மனிதர் அவர். சண்டையில் நான் ஜெயிக்க நினைத்ததுண்டு. இப்படி அல்ல.

அன்றிலிருந்து அவர் மனைவியோடு உட்கார்ந்து அன்றாடம் பேசுகிற வாக்கியங்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். தமிழில் நாம் சர்வசாதாரணமாக எத்தனை பொதிந்து பேசுகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. "நேற்றைக்கு வந்த நேர்ஸ் தந்த குளிசையை வச்ச கிண்ணம் எங்கை?" என்று அவர் கேட்பார். குளிசை என்றால் மாத்திரை. கணவர் விழிப்பார். அதையே உடைக்க வேண்டும். நேற்று நேர்ஸ் வந்தவ. குளிசை தந்தவ. கிண்ணத்தில வச்சனீங்கள். அந்தக் கிண்ணம் எங்கை? இப்படிக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்.

மகள்தான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். அப்பா அம்மா பேசுகிற தமிழ் எல்லாம் விளங்கும், வாயைத் திறந்தால் ஆங்கிலம். அப்பாவுக்கு ஆங்கிலம் போய்விட்டதால் அவள் பேசுவது எதுவும் அவருக்கு எட்டவில்லை. ஆரம்பத்தில் போனில் ஆங்கிலத்தில் தட்டி, அது தமிழில் வாசிப்பதை அவர் காதருகே பிடித்துப் பார்த்தாள். அது அந்தத் திரைக்காரரை விட மோசமாகப் பேசியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"ஹி டஸன்ட் நோ மீ, ஆன்ட்டி," என்றாள்.

"தெரியும்மா. உன்னைத் தெரியுது. நீ பேசறதுதான் போய்ச் சேரல. தமிழ்ல சொல்லு."

தன் தமிழ் கேவலமாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோரும் சிரிப்பார்கள் என்றாள்.

"சின்னச் சின்னதா சொன்னாப் போதும். உனக்கு வர்றது அவ்வளவுதான். அவருக்குப் புரியறதும் அவ்வளவுதான்."

அவள் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள். "அப்பா," என்றாள். நிறுத்தினாள். "தண்ணி குடி. குடிச்சு, குளிசை போடு. போட்டு, படு." அவர்கள் வீட்டில் அப்பாவிடம் பிள்ளைகள் "குடியுங்கோ, போடுங்கோ" என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த மரியாதை விகுதி தெரிந்திருக்கவில்லை. ஏதோ வேலைக்காரனை ஏவுவது போல இருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் மகளைப் பார்த்தார். சிரித்தார். இந்தமுறை வாயின் இரண்டு பக்கமும் கொஞ்சம் மேலே போனது. தண்ணீரைக் குடித்து, மாத்திரையைப் போட்டு, படுத்தார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மாதங்கள் அப்படியே போயின. தெரபிக்கு வந்து போனார். பத்து வார்த்தைகள் இருபதாயின. "தேத்தண்ணி போட்டு, தா" என்று கேட்க வந்தது. மகளின் பெயர் வந்தது. அதே காலத்தில் அலுவலகத்தில் நான் அம்புக்குறியை முடித்தேன். நடுவில் ஒரு வேலை வெறுங்கையோடு வந்தால் அங்கேயே நின்று, எந்த வரி என்று சொல்லும்படி செய்தேன். அதைச் செய்யத்தான் அதிக நாள் பிடித்தது. அவர் இருந்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். டிஸ்பேட்ச் பணியாளர்கள் தாங்களே விதிகளை எழுத ஆரம்பித்தார்கள். பாராட்டு மின்னஞ்சல்கள் வந்தன. நான் பதில் போடவில்லை.

பிறகு நிறுவனத்தில் ஆட்குறைப்பு வந்தது. நீண்ட விடுப்பில் இருந்த அவருடைய இடத்தையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவுக்கு மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். அன்று மாலையே அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். நிறுவனத்திலிருந்து மனைவிக்கும் சொல்லியிருந்தார்கள்.

"இவர் ஒவ்வொரு நாளும் காலமை ஷர்ட் போட்டுக்கொண்டு இருக்கிறார், தங்கச்சி. ஒபிஸ், ஒபிஸ் எண்டு கதவைக் காட்டுறார். நான் நாளைக்கு, நாளைக்கு எண்டு சொல்லிக்கொண்டு வாறன். இனி என்னெண்டு சொல்லுறது?"

"இப்பவே சொல்லணுமாக்கா?"

"சொல்லாமல் எத்தினை நாளைக்கு? நீர் சொல்லும். உமக்குத்தான் அவருக்கு விளங்குற மாதிரிச் சொல்ல வரும்."

சனிக்கிழமை காலை போனேன். முன்னறையில் டேகேர் குழந்தைகளின் சின்ன நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவர் நீலச் சட்டை போட்டு, இடக் கையாலேயே பொத்தான்களை மாட்டி, ஒன்று மாறிப்போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நான் ஏதோ அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் வாக்கியங்களைப் பிரித்து வைத்திருந்தேன்.

"கம்பெனில பணம் கொறஞ்சுது," என்றேன். அவர் தலையசைத்தார். "கொறஞ்சு, ஆளுங்கள வேலைய விட்டு எடுத்தாங்க." தலையசைத்தார். "எடுத்ததுல, உங்க வேலையும் போச்சு."

தலையசைக்கவில்லை.

"இனிமே ஆபீஸ் இல்ல," என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபோது எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு சொல் கூட வழியில் தவறவில்லை. பெரிய பெரிய வாக்கியங்களாகச் சொல்லியிருந்தால் அவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மறுநாளும் ஷர்ட் போட்டிருப்பார். நான் படிப்படியாக இறக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஜன்னலோரம் இருந்தவர் இடக் கையைத் தூக்கி, ஒரு விரலால் காற்றில் ஏதோ கீறினார். எனக்குப் புரியவில்லை. திரும்பவும் கீறினார். "அம்பு," என்றார்.

"முடிச்சாச்சு. எல்லாரும் எழுதறாங்க."

"நிக்குதோ?"

"நிக்குது. எந்த வரின்னு சொல்லுது."

"ம்," என்றார். அதற்குப் பிறகு எழுந்து, காலை இழுத்துக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வந்தபோது சட்டை இல்லை, பனியனோடு வந்தார். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. யாரும் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் தெரபிக்கு வர மறுத்தார். அதற்கடுத்த வாரமும். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவி கெஞ்சினார், அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு "இல்லை" என்றார். வந்த சொற்களையும் அவர் பயன்படுத்தவில்லை. தேவையென்றால் கையைக் காட்டினார். கொஞ்ச நாளில் இன்ஷூரன்ஸ்காரர்கள், முன்னேற்றம் இல்லை என்று தெரபியை நிறுத்தினார்கள். சில மதியங்களில் திடீரென்று சத்தம் போடுவார். வார்த்தை இல்லாத சத்தம். டேகேர் குழந்தைகள் பயந்தார்கள். பெற்றோர்கள் நாசூக்காக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. சின்ன நாற்காலிகளைக் கராஜில் கொண்டுபோய் வைக்க நான் உதவினேன்.

அப்போதுதான் அவர் மனைவி என்னிடம் அதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலிகளை எண்ணுவது போல, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அண்டைக்கு அவருக்கு விளங்காமல் இருந்திருக்கலாம், தங்கச்சி."

"நீங்கதானக்கா சொல்லச் சொன்னீங்க..."

"ஓம். நான்தான் சொல்லச் சொன்னனான். அதுதான் சொல்லுறன். விளங்காமல் இருந்திருக்கலாம்."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் நம்பிக்கையோடு சட்டை மாட்டுகிற ஒரு மனிதர் அவருக்கு இருந்தார். அந்த மனிதர் போய்விட்டார். ஆனால் உண்மை தெரியாமல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்படி அவரை விட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. மொழியை உருவாக்கியவரிடம் ஒரு செய்தியைப் புரியாதபடி சொல்லிவிட்டு வருவது என்னால் முடியாத காரியம். அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டுப் பதில் வாங்கும் நிலையில் அவர் அப்போது இல்லை.

வீட்டை விற்று டொராண்டோவுக்குப் போனார்கள். அங்கே அவர் மனைவியின் கூடப் பிறந்தவர்கள் இருந்தார்கள். போகிற செய்தியை அவரிடம் மகள் சொன்னாள். நானில்லாமல் அவளாகவே. நான் சாமான் கட்டிக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. அப்போது அவளுடைய தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. விகுதிகள் எல்லாம் வந்திருந்தன. "அப்பா, வீட்டை வித்திட்டம். வித்து, பெட்டி கட்டுறம். கட்டி, பிளேன்ல போறம். மாமா வருவார், வந்து கூட்டிக்கொண்டு போவார். நீங்கள் என்னோட இருங்கோ." அவர் ஏதும் சொன்னதாகக் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னாள்.

அவர்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். மனைவி பேசுவார், பிறகு போனை அவர் காதில் வைப்பார். மூச்சுச் சத்தம் கேட்கும். நான் பிளானோவில் மழை பெய்ததையும், தமிழ்க்கடையில் முருங்கைக்காய் வந்ததையும் வரிசையாகச் சொல்வேன். சில சமயம் "ஓம்" வரும். அலுவலகத்தைப் பற்றிச் சொல்வதில்லை. சொல்ல அங்கே நல்லதாக எதுவும் இல்லை. டிஸ்பேட்ச் பணியாளர்கள் இப்போது விதிகளை எழுதுவதில்லை. வேண்டியதை ஒரு பெட்டியில் தட்டினால் இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அது அம்புக்குறியோடு எழுதுகிறதா அடைப்புக்குறியோடு எழுதுகிறதா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த மொழியைப் பராமரிக்கிற வேலையிலிருந்து என்னை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். "ரீட் பண்ண ஆளே இல்லாதப்ப ரீடபிளா இருந்து என்ன ஆகப் போவுது?" என்று புதுக் குழுவில் இருந்த ஒரு சென்னைப் பையன் சிரித்துக்கொண்டே கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

இரண்டாவது அடைப்பு குளிர்காலத்தில் வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். அவர் மனைவி கூப்பிட்டு, "ஆள் போயிட்டார்," என்றுதான் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் வந்ததைச் சொன்னார், அதற்கு முன் தன் அண்ணன் குளியலறைக் கதவை உடைத்ததைச் சொன்னார், அதற்கும் முன் அன்று காலை இடியப்பம் வேண்டாம் என்று அவர் தட்டை நகர்த்தியதைச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு என்ன நடந்தது என்பது விளங்கியது. உள்ளே விழுந்திருக்கிறார். கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. எல்லையைத் தாண்ட முடியாது. வர முடியாது என்று சொன்னபோது அவர், "தெரியும் தங்கச்சி, நீர் வராட்டிலும் பரவாயில்லை," என்றார்.

சடங்கு முடிந்த வாரம் மகள் என்னோடு பேசினாள். கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அறைத்தோழி, குளிர், தேர்வுகள் என்று நெடுநேரம் பேசினாள், எல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் ஒரு கேள்வி கேட்டேன். ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. வேகமாகவும் சரளமாகவும், ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் வாக்கியங்களில் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருடமாக அவள் பேசி நான் கேட்டிருந்த அந்தத் தமிழில் ஒரு சொல்லும் அதில் இல்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால்தான் புரியும் என்கிற ஆள் அந்த வீட்டில் இனி இல்லை. நானும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டேன்.